எச். பைலோரி: அடங்கியதா, அழிந்ததா? பரிசோதனைகளும் இயற்கை வழிகளும் ஓர் ஒப்பீடு

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிறு உப்புகிறது, வெறும் வயிற்றில் பிசைவதுபோல் வலிக்கிறது, எரிச்சல் மாதக்கணக்கில் விடுவதில்லை. இதற்கெல்லாம் பின்னால் எச். பைலோரி கிருமி இருக்கலாம் என்று தெரிந்ததும் பலருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? ஆன்டிபயாட்டிக் இல்லாமல் தீர்த்துக்கொள்ள முடியுமா? இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகப் பார்ப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. இயற்கைப் பொருள்களில் பல, கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. அடியோடு ஒழிப்பது அபூர்வம். எண்ணிக்கை குறைந்திருக்கும் நேரத்தில் பரிசோதித்தால் ‘கிருமி இல்லை’ என்று முடிவு வரும். அதை நம்பி எல்லாவற்றையும் நிறுத்தினால், சில வாரங்களில் கிருமி பழைய அளவுக்கே வளர்ந்து நிற்கும். ஆகவே எந்த மருந்து என்று யோசிப்பதற்கு முன், எந்தப் பரிசோதனை, எந்த நாளில் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ஓயாத வாந்தி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, நெருங்கிய உறவில் இரைப்பைப் புற்றுநோய் இருந்த வரலாறு, அறுபதைத் தாண்டிய வயதில் புதிதாக வந்த அஜீரணம் என்று எதுவாவது ஒன்று இருந்தால், இந்த ஒப்பீடு உங்களுக்கானது அல்ல. நேராக மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் எண்டோஸ்கோபி. இரத்த வாந்தியோ கறுத்த மலமோ என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அமிலம் கொதிக்கும் இரைப்பையில் கிருமி வாழாது என்று நம்பிய மருத்துவ உலகத்தை மாற்ற, 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புக் காரணிகளில் சேர்த்துவிட்டது.

இந்தக் கிருமி அமிலத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. திருகுபோன்ற உடலும் வால் இழைகளும் கொண்டு இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தைத் துளைத்து, அதன் அடியில் போய்த் தங்குகிறது. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்க, கிருமி பிழைத்துக்கொள்கிறது. பரிசோதனைகளில் பாதி இந்த நொதியைத்தான் தேடுகின்றன. மருந்துகள் தோற்பதற்கும் பெரும்பாலும் அந்தச் சளிப்படலமே காரணம்.

கண்டுபிடிக்கும் வழிகள்

சமையல் சோடா பரிசோதனை என்று ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி சோடாவைக் கலந்து குடித்துவிட்டு, ஏப்பம் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடச் சொல்வார்கள். சோடாவும் அமிலமும் சேர்ந்தால் வாயு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஏப்பம் வரும் நேரம், விழுங்கிய காற்று, குடித்த வேகம், உணவுக்குழாய் வால்வின் இறுக்கம் என்று பலவற்றைப் பொறுத்தது. அமில அளவைக்கூட இது நம்பும்படி காட்டாது; கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. நாக்கின் நிறம், கருவிழிப் படம், தசை வலிமை பார்த்தல், உடல் அதிர்வலைக் கருவி எல்லாம் இதே கணக்குத்தான். இவற்றை வைத்து மருந்து தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அறிகுறிகளை வைத்தும் முடிவு செய்ய முடியாது. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. கிருமி இல்லாதவர்களுக்கும் இதே எரிச்சலும் உப்புசமும் வருகின்றன.

இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்க்கும் பரிசோதனை எளிது. முன் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அதன் குறை பெரிது. கிருமி போன பிறகும் எதிர்ப்புப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். ‘இருக்கிறது’ என்று வந்தால் இப்போது இருக்கிறதா, எப்போதோ இருந்து போனதா என்று தெரியாது. சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்க இது அறவே உதவாது. மருந்துக் கடையில் விற்கும் விரல்நுனி இரத்தக் கிட்டும் இந்த வகைதான்.

மீதி இருப்பவை மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜன் பரிசோதனை, எண்டோஸ்கோபி மூன்றும். எச்சரிக்கை அறிகுறி இல்லாதவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றே போதும்.

மூச்சுப் பரிசோதனையில், முதலில் ஒரு பையில் ஊதுவீர்கள். பிறகு கார்பன்-13 சேர்ந்த யூரியாவை, பொதுவாக 75 மில்லிகிராம் அளவில், புளிப்பான பானத்தோடு குடிக்கத் தருவார்கள். அந்தப் புளிப்பு இரைப்பை சீக்கிரம் காலியாகாமல் தடுக்கும். 20 முதல் 30 நிமிடம் கழித்து மறுபடியும் ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அடையாளமிட்ட கார்பன் மூச்சில் வந்துவிடும். சரியாகச் செய்தால் துல்லியம் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கார்பன்-13இல் கதிர்வீச்சு கிடையாது. கார்பன்-14 வகையில் மிகச் சிறிய அளவு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரைப்பையின் ஒரு பகுதியை அறுவையில் நீக்கியவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை சரியாக வராது.

மலப் பரிசோதனை கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. ஆய்வகத்தில் மோனோகுளோனல் எதிர்ப்புப்பொருளைக் கொண்டு செய்யும் எலைசா முறை, மூச்சுப் பரிசோதனைக்கு இணையானது. இரண்டு கோடு தெரியும் வீட்டுக் கிட்டுகளும் இதே கொள்கைதான் என்றாலும் துல்லியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மங்கலான கோட்டை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். வீட்டில் எடுப்பதானால் மாதிரி கழிப்பறைத் தண்ணீரில் படாமல் இருக்க வேண்டும். மலம் நீர்த்துப் போயிருக்கும் நாளில் எடுக்காதீர்கள்; புரதம் கரைந்து நீர்த்து, தவறாக ‘இல்லை’ என்று வரக்கூடும். வீட்டில் செய்ய விரும்புவோருக்குச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதிலும், கோடு எதைக் காட்டினாலும் ஆய்வகத்தில் ஒருமுறை உறுதி செய்த பிறகே சிகிச்சை.

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். ஒரே இடத்தில் எடுத்தால் கிருமி தப்பிவிடலாம். அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுவோருக்குக் கிருமி மேல்நோக்கி நகர்ந்துவிடுவதும் உண்டு. கிருமியை வளர்த்து எந்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று பார்க்கவும் அந்தத் துணுக்கு உதவும். புண், புற்றுநோய் மாற்றம் ஆகியவற்றை நேரில் பார்க்க வேறு வழி கிடையாது.

பரிசோதனையைக் கெடுப்பவை

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக்கையும், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் பிஸ்மத் என்ற உலோக உப்பு மருந்தையும் 4 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். பல்வலிக்காக இடையில் சாப்பிட்ட அமாக்சிசிலினும் இந்தக் கணக்கில் சேரும். அந்த 2 வாரமும் எரிச்சல் தாங்க முடியாவிட்டால் ஃபமோட்டிடினையோ சாதாரண ஆன்டாசிடையோ வைத்துச் சமாளிக்கலாம். ஃபமோட்டிடினைப் பரிசோதனைக்கு 2 நாள் முன் விட்டுவிடுங்கள். மூச்சுப் பரிசோதனை என்றால் 6 மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். அன்று காலையில் புகை பிடிக்கக்கூடாது. இரத்தப்போக்குப் புண்ணுக்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் எதையும் தாங்களாக நிறுத்தக்கூடாது. அவர்களுக்கான நாளை மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

பெரும்பாலான குறிப்புகளில் விட்டுப்போவது ஒன்று உண்டு. மாஸ்டிக் பிசின், புரோக்கோலி முளை, பூண்டு, கருஞ்சீரகம் ஆகியவற்றை மருந்தளவில் எடுத்துக்கொண்டிருந்தால், அவற்றையும் 4 வாரம் நிறுத்திவிட்டே பரிசோதிப்பது நல்லது. இவற்றில் சில யூரியேஸ் நொதியையே முடக்குகின்றன. கிருமி உயிரோடு இருக்கும். மூச்சில் மட்டும் தெரியாது. சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் இதே இடைவெளிதான்.

இயற்கைப் பொருள்கள்: ஆய்வுகள் காட்டுவது

ஆய்வகக் கண்ணாடித் தட்டில் எச். பைலோரியைக் கொல்லும் பொருள்களின் பட்டியல் மிக நீளம். மஞ்சள், தேன், இஞ்சி, அதிமதுரம், இலவங்கப்பட்டை எல்லாம் அதில் இருக்கின்றன. தட்டில் மருந்து கிருமியின் மேலேயே மணிக்கணக்கில் கிடக்கிறது. வயிற்றிலோ அமிலம் அதைச் சிதைக்கும். உணவோடு சேர்ந்து சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும். சளிப்படலத்தின் அடியில் போதுமான செறிவில் போய்ச் சேரவே சேராது. ஆகவே மனிதர்களில் செய்த ஆய்வு எது என்று மட்டும் கேட்க வேண்டும்.

புரோக்கோலி முளையில் உள்ள சல்ஃபோராஃபேனைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கிருமி உள்ள 48 பேரில் ஒரு பகுதியினர் நாளுக்கு 70 கிராம் முளையை 8 வாரம் சாப்பிட்டார்கள். மூச்சு அளவும் மல ஆன்டிஜன் அளவும் தெளிவாகக் குறைந்தன. நிறுத்திய 2 மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பின. அடங்குவதற்கும் அழிவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுத்தமாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடையாது. எட்டாவது வாரத்தில் பரிசோதனையைச் செய்து மகிழ்ந்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். முளையைப் பச்சையாகவே சாப்பிட வேண்டும். வேகவைத்தால் சல்ஃபோராஃபேனை உண்டாக்கும் நொதி செத்துவிடும்.

மாஸ்டிக் என்பது கிரேக்கத்தின் கியோஸ் தீவு மரத்துப் பிசின். 2010இல் வெளியான ஆய்வில் 52 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். 350 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 14 நாள் எடுத்தவர்களில் 13க்கு 4 பேருக்கும், 1.05 கிராம் வீதம் மூன்று வேளை எடுத்தவர்களில் 13க்கு 5 பேருக்கும் கிருமி போயிற்று. பிசினோடு பான்டோப்ரசோலையும் சேர்த்த குழுவில் ஒருவருக்கும் போகவில்லை. ஆன்டிபயாட்டிக் குழுவில் 13க்கு 10. அதற்கு முன் நடந்த சிறிய ஆய்வொன்றில் 1 கிராம் வீதம் நாளுக்கு நான்கு வேளை எடுத்தும் ஒருவருக்கும் போகவில்லை. மூன்றில் ஒருவருக்குக் குணம் என்பது தோல்வியே. ஆனாலும் தனியாக எடுத்து ஓரளவாவது வேலை செய்தது என்று சொல்லத்தக்க இயற்கைப் பொருள் இது. பிஸ்தாக் குடும்ப மரம் என்பதால் பிஸ்தா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது.

கருஞ்சீரகத்தைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒமெப்ரசோலோடு நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களில் சுமார் 67 சதவீதத்தினருக்குக் கிருமி போயிற்று. ஆன்டிபயாட்டிக் குழுவில் சுமார் 83 சதவீதம். கேட்கும்போது நம்பிக்கை தருகிறது. ஆனால் அதே ஆய்வில் 1 கிராமுக்கும் 3 கிராமுக்கும் ஏறக்குறைய 48 சதவீதம்தான் கிடைத்தது. அளவை ஏற்றினால் பலன் இறங்குவது, குழுக்கள் சிறியவை என்பதையும் தற்செயல் கலந்திருக்கலாம் என்பதையும் காட்டுகிறது. 67 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சிகிச்சையை அமைப்பது சரியல்ல.

பூண்டு பலருக்குப் பிடித்த மருந்து. 1999இல் வெளியான சிறு ஆய்வில் 10 பல் பச்சைப் பூண்டை உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு அளவு அசையவில்லை. அதே ஆட்களுக்குக் கொடுத்த பிஸ்மத் அளவைச் சட்டென்று இறக்கிற்று. சீனாவின் லின்ச்சு மாவட்டத்தில் 1995இல் தொடங்கி 3,365 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், 7 ஆண்டு பூண்டுச் சத்து கொடுத்தும் கிருமி ஒழியவில்லை. ஆனால் 22 ஆண்டு கழித்துக் கணக்கிட்டபோது பூண்டுக் குழுவில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அதே ஆய்வில் வெறும் 2 வாரம் அமாக்சிசிலினும் ஒமெப்ரசோலும் எடுத்தவர்களிடம் புற்றுநோய் வருவதே ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பூண்டு உணவாக நல்லது. கிருமிக்கு மருந்து அல்ல. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

கிரான்பெர்ரிச் சாற்றை நாளுக்கு இருவேளை 250 மில்லி வீதம் 90 நாள் குடித்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்குக் கிருமி தெரியவில்லை. வெறும் பானம் குடித்தவர்களில் சுமார் 5 சதவீதம். அரை லிட்டர் புளிப்புச் சாற்றை எரியும் வயிறு மூன்று மாதம் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். தேன் தட்டில் வலுவாகத் தெரிகிறது, வயிற்றில் அப்படி நிரூபணமாகவில்லை. அதிமதுரம் எரிச்சலைத் தணிக்கலாம். ஆனால் கிளிசிரைசின் என்ற இனிப்புச் சத்தை நீக்காத அதிமதுரத்தை வாரக்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஆப்பிள் வினிகர் வேண்டவே வேண்டாம்: அமிலத்தில் வாழப் பழகிய கிருமிக்கு இன்னும் கொஞ்சம் அமிலம் ஒரு பொருட்டல்ல, புண்ணுக்குத்தான் எரியும்.

புரோபயாட்டிக்கை, அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களை, தனியே சொல்ல வேண்டும். தனியாக எடுத்தால் பத்தில் ஒருவருக்குக் கிருமி போனாலே பெரிது. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் குறைகின்றன. பக்கவிளைவு தாங்காமல் பாதியில் நிறுத்துவதுதான் சிகிச்சை தோற்பதற்கான பெரிய காரணங்களில் ஒன்று என்பதால், இந்த உதவி சிறிதல்ல. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது ஈஸ்ட் வகை. ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது, நாளுக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை கொடுப்பது வழக்கம். லாக்டோபேசிலஸ் வகை என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கு 2 மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழாய் பொருத்தியவர்களுக்கும் ஈஸ்ட் வகை ஆபத்து.

ஆன்டிபயாட்டிக் வழி

அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டி, முதல்முறை சிகிச்சைக்கு 14 நாள் பிஸ்மத் நால்வகை மருந்தை முன்வைக்கிறது: அமிலக் குறைப்பு மாத்திரை இருவேளை, பிஸ்மத் நாலுவேளை, டெட்ராசைக்ளின் 500 மில்லிகிராம் நாலுவேளை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மூன்று அல்லது நாலுவேளை. பழைய கிளாரித்ரோமைசின் மூவகை மருந்து, அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பரிசோதித்து உறுதி செய்தால் மட்டுமே. உலகின் பல பகுதிகளில் கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு பெருகிவிட்டது.

இது எளிதான 14 நாள் அல்ல. வாயில் உலோகச் சுவை, குமட்டல், கறுத்த நாக்கு, கறுத்த மலம் வரும். பிஸ்மத்தால் வரும் கறுப்பு தீங்கற்றது. ஆனால் மலம் தார்போல் ஒட்டி, நாற்றமெடுத்து, தலைசுற்றலும் சேர்ந்தால் அது இரத்தப்போக்கு. டெட்ராசைக்ளினைப் பாலோடும் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளோடும் எடுத்தால் உடலில் சேராது. 2 மணி நேர இடைவெளி வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மெட்ரோனிடசோல் காலத்தில் மது கூடாது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கும் டெட்ராசைக்ளின் கிடையாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் பிஸ்மத் சப்சாலிசிலேட்டைத் தவிர்த்து, சிட்ரேட் வகையைக் கேட்க வேண்டும்.

யாருக்கு எது

புண் இருந்தவர்கள், புற்றுநோய் வரலாறு உள்ள குடும்பத்தினர், ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுவோர், எண்டோஸ்கோபியில் இரைப்பைச் சுவர் மெலிந்திருப்பது தெரிந்தவர்கள்: இவர்களுக்கு இயற்கை வழியைத் தனியாக முயன்று பார்க்க நேரம் கிடையாது. 14 நாள் முழுச் சிகிச்சையும் துணைக்குப் புரோபயாட்டிக்கும்தான் எங்கள் பரிந்துரை.

எந்தத் தொல்லையும் இல்லாமல், தற்செயலாகத் தெரியவந்த இளவயதினர் சற்றுப் பொறுத்து முடிவெடுக்கலாம். ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பமோ பாலூட்டலோ முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் அந்த இடைவெளியில் புரோக்கோலி முளை போன்ற உணவுகளைச் சேர்க்கலாம். கிருமி அடங்கியிருக்கும் என்ற அளவில் அதற்குப் பொருள் உண்டு. மூலிகை மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் முதலில் மாஸ்டிக்கை முயன்று பார்ப்பேன் என்பவர்கள், எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு முன் ஆய்வக மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ உறுதி செய்யுங்கள். ஒரே பொருளை, ஒரே அளவில் எடுங்கள். நான்கைக் கலந்தால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. பிறகு 4 வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, முன்பு செய்த அதே பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். ‘இருக்கிறது’ என்று வந்தால் இரண்டாம் சுற்று வேண்டாம், ஆன்டிபயாட்டிக்குக்குப் போங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதே என்பது சான்றாகாது.

செய்யவே கூடாதது, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை மூலிகையோடு சேர்த்து நாலைந்து நாள் சாப்பிடுவது. மிச்சம் தப்பிய கிருமிகள் அந்த மருந்தைத் தாங்கிப் பழகிவிடும்.

ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களும் 4 வாரத்துக்குக் குறையாமல் பொறுத்து, அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரம் விட்டபின் மறுபரிசோதனை செய்தே ஆக வேண்டும். அப்போதும் கிருமி இருந்தால், அதே சீட்டை மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஒருமுறை எடுத்துத் தோற்ற கிளாரித்ரோமைசினும் லெவோஃப்ளாக்சசினும் இரண்டாம் முறை பெரும்பாலும் பயன்படாது. அமாக்சிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எதிர்ப்பு அரிது என்பதால் அவற்றை மறுபடி சேர்க்கலாம். இதுவரை வாழ்நாளில் எந்தக் காரணத்துக்காக எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்று நினைவிருக்கும்வரை எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். அடுத்த மருந்தை அவர் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்.